மாப்பிள்ளையின் சராசரி 24.6

டண்டினொங், அவுஸ்திரேலியா,
20.08.1976, வெள்ளிக்கிழமை, முற்பகல் 9.10

அன்புள்ள தம்பி விக்னராஜாவுக்கு,

நீயும் வீட்டாரும் பூரண சுகத்தோடு இருக்க இறைவனை வேண்டுகிறேன். இவ்விடத்தில் என் இடது முழங்கால் தவிர யாவும் நலமே.

என்னோடு தங்கித் தாதியர் பயிற்சி பெறும் உன் மகள் சந்திரவதனாவுக்குப் பேசிவரும் அமெரிக்க மாப்பிள்ளை இந்திரகுமார், தன் கல்லூரிக் கூடைப்பந்து அணியோடு இங்கே ஆட வருவதாகவும், அவரை நான் விசாரித்து 10.09.1976க்கு முன் முடிவு சொல்ல வேண்டும் என்றும் நீ எழுதிய 26.07.1976 தேதியிட்ட கடிதம், 06.08.1976 அன்று கிடைத்தது. விசாரித்தேன். குழப்பமே மிச்சம். மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய உறையில் சாதகம் இருக்கும் என்றெண்ணி, கைகால் கழுவி வந்து பிரித்தால், கல்லூரி அச்சிட்ட ஒரு தாள். மூன்று ஆண்டுகளில் அவர் ஆடிய 81 ஆட்டங்களின் பெறுபேறு. முப்பத்தைந்து வருடம் பரீட்சைப் பகுதியில் எழுதுவினைஞனாக இருந்த எனக்குப் பெறுபேறு வாசிக்கத் தெரியாதா? சராசரி 24.6! அதற்குக் கீழேயே, கல்லூரி வரலாற்றில் இதுவே அதிகூடிய சராசரி என்றும், அதற்காகக் கேடயம் வழங்கப்பட்டது என்றும் இருக்கிறது. அப்படியானால் மற்றவர்கள் என்னதான் எடுத்தார்கள்? என் மகன் சிவபாலனிடம் கேட்டேன்.

“எத்தினைக்கு 24.6?”

“அப்பிடிக் கணக்கில்லை ஐயா. எவ்வளவும் எடுக்கலாம்.”

“முழுப்புள்ளி இல்லாத பரீட்சையோ?”

“ஐயோ, இது விளையாட்டு ஐயா!”

“அப்ப ஏன் நூற்றுவீதம் போட்டிருக்கினம்?”

அவன் எழுந்து போய்விட்டான். ஓடியாடி எறிந்தவற்றில் நூற்றுக்கு 52 கூடைக்குள் விழுந்தனவாம். போகட்டும், ஐந்து பேர் மறிக்கிறார்கள். ஆனால் எதிரணி தவறிழைத்தால், ஒருவரும் மறிக்காமல், நின்ற இடத்தில் நின்று எறிய விடுகிறார்கள், அதிலும் 71தான்! மறிப்பார் இல்லாத இடத்திலேயே 29 தவறவிடுபவர் குடும்பம் நடத்துவது எங்ஙனம்? ஓர் ஆட்டத்தில் தோழருக்கு உதவியது 1.2 தரம், இழைத்த குற்றங்கள் 3.8. உதவியைவிடக் குற்றம் மும்மடங்கு! 14.08.1976 சனிக்கிழமை ஆட்டத்தையும் நேரில் பார்த்தேன். ஐந்தாவது குற்றத்தோடு அவரை வெளியேற்றினார்கள். சபையோர் எழுந்து கைதட்டினார்கள். ஏனென்று இன்றுவரை விளங்கவில்லை. முடிவில் ஆறடி எட்டங்குல உயரத்திலிருந்து குனிந்து, “அங்கிள், சுகமா இருக்கிறியளோ?” என்றார்.

“ஏன் தம்பி உம்மை வெளியிலை விட்டவை?”

“அஞ்சு ஃபவுல், அங்கிள். பரவாயில்லை, முப்பத்தொண்டு எடுத்திட்டன்.”

வருத்தம் துளியும் இல்லை. வதனாவோ சிரிக்கிறாள். செவ்வாய்க்கிழமை, 17.08.1976 அன்று, “இந்தச் சம்பந்தம் வேண்டாம்” என்று அவளிடம் சொன்னேன். அன்று தொடக்கம் என்னோடு பேச்சில்லை. சாப்பாட்டுக் கோப்பையை மட்டும் சத்தமாக வைக்கிறாள். ஆயினும் என் முடிவில் மாற்றமில்லை.

மனைவி மக்களோடு நீடூழி வாழ்க.

இங்ஙனம்,
அண்ணன் ஜெயரட்ணம்

பி.கு.: 22.08.1976, ஞாயிறு. கடிதத்தைத் தபாலில் சேர்க்கவிடாமல் வதனா என்னைப் பக்கத்து மைதானத்துக்கு இழுத்துச் சென்றாள். “பெரியப்பா, நீங்களே எறிஞ்சு பாருங்கோ. ஒருத்தரும் மறிக்க மாட்டினம்.” அதே தூரத்தில் நின்று இருபது தரம் எறிந்தேன். ஒருவரும் மறிக்கவில்லை. ஒன்றும் விழவில்லை, ஒன்று வேலி தாண்டிப் போய்விட்டது. எனவே 71 என்பதைப் பரீட்சைக் கணக்கில் விசேட சித்தி எனத் திருத்தி வாசிக்கவும். மேலே எழுதியவை யாவும் ரத்து. பிறகு வதனா எறிந்தாள். இருபதுக்குப் பதினேழு! ஊரில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் இருந்தவளாம். நீ எனக்கு எழுதவேயில்லை. சம்மதம் என்று உடனே தந்தி அடி. அவளுடைய 85 மட்டும் கல்யாணம் முடியும்வரை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிய வேண்டாம்.