அண்ணாச்சி அனுப்பிய புரோட்டாக் கடை

எந்த ஊரில் எந்தச் சந்தில் நுழைந்து எதைச் சாப்பிட வேண்டும் என்று சாம்பிள் அண்ணாச்சிக்குத் தெரிந்த அளவுக்குக் கடவுளுக்கே தெரியாது. அதேபோல, அவர் பேச்சைக் கேட்டுப் புறப்பட்டுப் போய் ஆடிப்போகாமல் திரும்பி வந்தவன் ஒருத்தன்கூடக் கிடையாது. ஆடிப்போனவர்களில் நானும் ஒருவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எழுபதுகளில் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கம்பெனியில் நான் கிளார்க். வந்து இறங்கும் மூட்டைகளில் குத்தூசி விட்டு சாம்பிள் எடுத்துக் கடித்துப் பார்ப்பது அண்ணாச்சியின் உத்தியோகம். ஒரு மணியைக் கடிப்பார். கண்ணை மூடுவார். "வயநாட்டுச் சரக்கு. ஒருக்க மழைல நனைஞ்சு, மறுபடி காயப்போட்டது" என்பார். மூட்டைக்காரன் முகம் செத்துவிடும். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் யாரும் உபயோகித்ததே இல்லை.

யாராவது லீவு லெட்டர் எழுதுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், பக்கத்தில் வந்து நிற்பார். "எந்த ஊருக்கு வே?" என்பார். கோயில், அரண்மனை, கடற்கரை எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். "கோபுரம் எங்கயும் ஓடிப்போயிராது. இட்லி ஆறிப்போயிரும். மொதல்ல அதப் பாரும்." துண்டுச்சீட்டில் வழி எழுதிக் கொடுத்துவிட்டு, "கொச்சி அண்ணாச்சி அனுப்பினாருன்னு சொல்லும், தனியாக் கவனிப்பாங்க" என்று தோளைத் தட்டுவார்.

எங்கள் டைப்பிஸ்ட் தங்கச்சன் கல்யாணமான சூட்டோடு மனைவியை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டான். அண்ணாச்சி ஒரு மெஸ்ஸுக்கு வழி சொன்னார். "பாக்க வீடு மாதிரிதான் இருக்கும். வீடுன்னு நெனச்சுத் திரும்பிராதேயும். நேரா உள்ள போயி உக்காரும்."

தங்கச்சன் அப்படியே செய்தான். வாசலில் கோலம், உள்ளே ஜமுக்காளம். எல்லாரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். கேசரி வந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது. நல்ல மெஸ்தான் என்று இவன் நினைத்துக்கொண்டிருக்கும்போது பட்டுப்புடவையில் ஒரு பெண் காப்பித் தட்டோடு வந்து நமஸ்காரம் பண்ணினாள். வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு, "பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். தங்கச்சன் வாயில் பஜ்ஜி. "நல்லவண்ணம் பிடிச்சிருக்கு. இன்னொண்ணு கிடைக்குமோ?" என்றான்.

வீட்டுக்காரர் திகைத்து நின்ற அதே சமயத்தில்தான் அசல் மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து இறங்கினார்கள்.

"எந்தொரு சதியா அண்ணாச்சி இது! அவங்க என்னெ தல்லிக் கொன்னிருப்பாங்க!" என்று தங்கச்சன் ஆபீசில் வந்து குதித்தான். விசாரித்ததில் மெஸ் எதிர்வரிசையாம். அண்ணாச்சிக்கு இடது வலது மட்டும் கொஞ்சம் தகராறு. ஆனால் அவர் கவலை வேறு. "அது கெடக்கட்டும். பஜ்ஜில ஓமம் போட்டிருந்தாகளா?"

அரண்மனை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரனைப் பாதி வழியில் மறித்து, கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்ன இடக்கொச்சிக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் அவன் செக்கச்சிவந்த முகத்தோடு கம்பெனி வாசலில் வந்து நின்றான். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நாங்கள் ஒதுங்கிக்கொண்டோம். அவன் விக்கலோடு அண்ணாச்சியின் இரண்டு கையையும் பிடித்து, "டுமாரோ வேர்?" என்றான்.

என் முறை வந்தது. கல்யாணமாகி மூன்றாவது மாதம், கொச்சியிலேயே வளர்ந்த சாரதாவைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போக லீவு கேட்டிருந்தேன். அண்ணாச்சி வந்து நின்றார். ஆனால் வழக்கமான உற்சாகம் இல்லை. செங்கோட்டைப் பக்கம் ஒரு புரோட்டாக் கடைக்கு வழி எழுதிக் கொடுத்தார். "சால்னாவ மட்டும் நல்லா ருசி பாத்துட்டு வந்து சொல்லும். ஆனா ஒண்ணு வே. அங்க என்னயப் பத்தி மூச்சு விட்ராதேயும்."

கடையைக் கண்டுபிடித்துவிட்டோம். புரோட்டாவைப் பிய்த்து சால்னாவில் தோய்த்து வாயில் வைக்கும்போது சாரதா என் விலாவில் இடித்தாள்.

"ஏங்க, அந்தப் படத்தை ஒண்ணு நோக்குங்க."

கல்லாவுக்கு மேலே சந்தன மாலை போட்ட ஒரு போட்டோ. கீழே ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. படத்துக்குள்ளிருந்து சாம்பிள் அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது யாரு?" என்று கல்லாவில் இருந்தவரைக் கேட்டேன்.

"எங்க அண்ணன். செத்துப் பதினோரு வருசமாச்சு."

"செத்தா? முந்தாநாள் காலைல என்கூட சாயா குடிச்சாரே!"

மாஸ்டர் வீசிய புரோட்டா கல்லில் திரும்பி விழவேயில்லை. பக்கத்து மேஜைக்காரர் கை கழுவாமல் தெருவுக்கு ஓடினார். கல்லாக்காரர் ஒரே எட்டில் வந்து என் சட்டையைப் பிடித்துவிட்டார். "யாருல நீ? செத்தவன வச்சு வெளையாடுதியா?"

அடி விழப்போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது. சாரதாதான் நடுவில் புகுந்தாள். "எங்க வீட்டுக்கு ஊணு கழிக்க வந்திருக்கார் அண்ணா. எந்தக் குழம்பு வச்சாலும் மொதல்ல சுண்டுவிரலால தொட்டு, எடது கண்ணை மாத்திரம் மூடிக்கிட்டு ருசி பாப்பார்."

அந்தப் பிடி தளர்ந்தது. மனிதர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இதே எடத்துலதான். கடை நெறய ஆளு. நான் வச்ச சால்னாவத் துப்பிட்டு, கழனித்தண்ணின்னுட்டான். வந்த கோவத்துல, செத்துத் தொலைலேன்னுட்டேன். அன்னைக்குப் போனவன்தான். அடுத்த வருசம் கொச்சில லாஞ்ச் படகு கவுந்து போயிட்டான்னு ஒருத்தன் வந்து சொன்னான். என் நாக்குதான் அவனக் கொன்னுட்டுன்னு இத்தன வருசமா..."

குற்றாலத்துக்குப் போகவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்தத் தம்பியும் எங்களோடு ஏறினார். கையில் ஒரு தூக்குவாளி நிறைய சால்னா. வளைவுக்கு வளைவு அவர் அதைச் சிந்திக்கொண்டே வந்ததால், மட்டாஞ்சேரி வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் சாரதா. புதுப்புடவை முழுக்க மசாலா வாசம்.

கம்பெனி மூடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணாச்சி வாயில் மிளகைப் போட்டுக் கண்ணை மூடியிருந்தார். திறந்தார். எதிரே தம்பி. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக சாம்பிளை முழுங்கிவிட்டார்.

கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். தம்பி தூக்குவாளியைத் திறந்து நீட்டினார். அண்ணாச்சி சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்து இடது கண்ணை மூடினார். குடோனில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட மூட்டையோடு அப்படியே நின்றார்கள்.

"சோம்பு ஒரு பிடி ஜாஸ்தி" என்றார் அண்ணாச்சி.

"அதானா!" என்றார் தம்பி. "என்னமோ ஒண்ணு இடிக்கே இடிக்கேன்னு பன்னெண்டு வருசமா மண்டையப் போட்டு ஒடைக்கேன்!" என்று சொல்லிவிட்டு மிளகு மூட்டைமேல் சாய்ந்து ஓவென்று அழுதார். லாஞ்ச் கவிழ்ந்த பொய்ச் சேதியையும் கல்லாவுக்கு மேலிருந்த படத்தையும் பற்றி நான் சொன்னேன். அண்ணாச்சி தம்பியின் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, "எனக்கு மாலை போட்டிருக்கியாமே. எந்தப் போட்டோ?" என்று கேட்டார்.

"தூத்துக்குடி ஸ்டூடியோல எடுத்தது."

"அதுல எனக்கு மூக்கு பெருசா இருக்கும்ல! வேற படமா கெடைக்கல?"

மறுநாள் சாயாக் கடையில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன அண்ணாச்சி இது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சட்டையாவது பழசாப் போட்டுட்டுப் போயிருப்பேன்."

அவர் கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "சால்னா நல்லாருக்குன்னு நீரு வந்து சொன்னா ஊருக்குப் போகலாம்னு இருந்தேன் வே. நல்லால்லன்னு சொன்னாலும் போகலாம்னுதான் இருந்தேன். போறதுக்கு யாராவது ஒரு காரணம் கொண்டாந்தாப் போதும்னு இருந்துச்சு."

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் நிரந்தரமாகச் செங்கோட்டைக்கே போய்விட்டார். படத்தைக் கழற்றவில்லையாம், மாலையை மட்டும் எடுத்துவிட்டார்களாம். போகும்போது தங்கச்சனுக்குத் திருச்சியில் ஒரு கடையும், எனக்குக் கும்பகோணத்தில் ஒரு கடையும் எழுதிக் கொடுத்தார். இரண்டுமே எதிர்வரிசையில்தான் இருந்தன.

இப்போதெல்லாம் புது ஊரில் போய் இறங்கினால், எங்கே சாப்பிடுவது என்று கேட்க ஆளில்லாமல், பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுகொண்டிருக்கிறேன்.