ஞானமானியும் இருபத்துநான்கு ஜன்னல்களும்

பள்ளிக்கூடத்தில் அறிவு ஒழுகுகிறது என்று காலை எட்டு மணிக்குச் செய்தி பரவியது. எட்டேகாலுக்கெல்லாம் வாசலில் நிற்க இடமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற அப்பாக்கள்கூட வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தார்கள்.

ஒழுகலைக் கண்டுபிடித்தவர் லேசுப்பட்ட ஆளில்லை. வெள்ளைக் கோட்டு, அதன் பையில் நான்கு பேனா. எதிலும் மை இருந்ததாகத் தகவல் இல்லை. தன்னைக் கசிவு நிபுணர் என்று சொல்லிக்கொண்டார். கையில் கண்ணாடி மூடி போட்ட ஒரு பித்தளைப் பெட்டி, உள்ளே ஓர் ஊசி. அதற்குப் பெயர் ஞானமானி. ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் ஊசி துடிக்கும். துடித்தால் அந்த வழியாகப் படிப்பு வெளியே போகிறது என்று அர்த்தம். எவ்வளவு போகிறது என்று ஒருவர் கேட்டதற்கு, நேற்று மட்டும் இரண்டு பாடம் என்று துல்லியமாகப் பதில் வந்தது.

கட்டடமும் லேசுப்பட்டதில்லை. கட்டி ஒரு வருஷம்தான் ஆகிறது. வரைந்து கொடுத்த பெண் சதுர ஜன்னலையே மறந்துவிட்டு, ஒரு பிள்ளை ஏறி உட்கார்ந்து படிக்கிற அளவுக்கு இருபத்துநான்கு வட்ட ஜன்னல்கள் வைத்திருந்தாள். மாடிப்படி அகன்று விரிந்து, அதன் மேலேயே ஒரு வகுப்பு நடந்தது. கூரைச் சரிவில் விட்ட இடைவெளி வழியாக வெளிச்சம் நேரே கரும்பலகையில் வந்து இறங்கியது. இப்படிப்பட்ட கட்டடத்துக்குப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போனது பெற்றோருக்கு முதல் சந்தேகம். அரையாண்டில் மூன்று பேர் கணக்கில் கோட்டைவிட்டதும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பழைய இருட்டுக் கட்டடத்தில் முப்பது பேர் கோட்டைவிட்டபோது யாரும் சுவரைச் சந்தேகப்படவில்லை.

ஜன்னல்களுக்குச் சட்டம் அடித்துக் கொடுத்த வெல்டிங் அக்கா, பட்டறைக்குப் போகிற வழியில் கருவிப் பையோடு கூட்டத்தின் கடைசியில் நின்றாள். பழைய கட்டடத்தில் அவள் மகளுக்கு எழுத்து மங்கி, தினம் தலைவலி. புத்தகத்தைக் கண்டாலே மூலையில் வீசுவாள். அதே பெண் இப்போது ஒரு வட்டத்துக்குள் காலை மடக்கி உட்கார்ந்தால், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை. அந்த வட்டங்களைத்தான் செங்கல் வைத்து அடைக்கச் சொல்லியிருந்தார் நிபுணர். கல் வந்து இறங்கிவிட்டது. கொத்தனார் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். அடைத்து முடிக்கும்வரை பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கசிவுத் தடுப்புத் தகடும் விற்பனையில் இருந்தது. இரண்டு வாங்கினால் இரண்டாவதற்கும் அதே விலை.

கீழ்த்தளத்தில் சோதனை நடந்தது. பன்னிரண்டு ஜன்னலில் ஒன்பதில் ஊசி துடித்தது, மூன்றில் அசையவில்லை. அசையாத ஜன்னல் பக்கத்துப் பெஞ்சுகளுக்கு உடனே அடிதடி. ஓர் அம்மா குடையை வைத்து இடம் பிடித்தார். அசையாத மூன்றும் எவை என்று பார்த்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனாள்.

"சார், மாடியில இருக்கிற பன்னிரண்டையும் நான் இங்கிருந்தே சொல்லிடட்டுமா?"

"ஞானமானி இல்லாமலா?" என்று நிபுணர் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். "சொல்லும்மா, கேட்போம்."

"ரெண்டு, ஏழு, பதினொண்ணு. இந்த மூணும் ஆடாது. மத்ததெல்லாம் ஆடும்."

தலைமையாசிரியர் கரும்பலகையில் எழுதிவைத்தார். ஊரே மாடியேறியது. முதல் ஜன்னலில் ஊசி துடித்தது. இரண்டாவதில் படுத்துவிட்டது. ஏழாவதில் நிபுணர் பெட்டியைக் கொஞ்சம் குலுக்கிப் பார்த்தார், பயனில்லை. பதினொன்றில் அவர் நெற்றி வேர்த்து, உண்மையான கசிவு ஆரம்பமாகியிருந்தது.

கூட்டம் பெட்டியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் ஞானம் வந்ததா? வந்தது. மொத்தமாகத் திரும்பி அக்காவைச் சூழ்ந்துகொண்டது. மகளுக்கு டாக்டர் படிப்பு அமையுமா என்றார் ஒருவர். இன்னொருவர் தகட்டை நீட்டி, தொட்டுக் கொடுத்தால் போதும் என்றார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சாவியை எடுத்து ஏழாவது ஜன்னலின் நீலப் பெயின்ட்டைச் சுரண்டினாள். உள்ளே மரம். எட்டாவதைச் சுரண்டினாள். இரும்பு.

"திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது இரும்பு தீர்ந்துபோச்சு. ஆறு ஜன்னலை மரத்துல அடிச்சு அதே பெயின்ட்டைப் பூசிட்டோம். இவர் கையில இருக்கிறது வெறும் காந்த ஊசி. இரும்பைப் பார்த்தா திரும்பும், மரத்தைப் பார்த்தா சும்மா கிடக்கும்."

நிபுணர் அசரவில்லை. "இரும்பு வழியாத்தாம்மா அறிவு கசியும். அதைத்தானே நானும் சொல்றேன்." பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

அக்கா பையிலிருந்து சுத்தியலை எடுத்துப் பெட்டியருகே நீட்டினாள். ஊசி அரைவட்டம் அடித்தது.

"அப்போ இந்தச் சுத்தியலை எந்த வகுப்புல சேர்த்துக்குவீங்க?"

முதலில் சிரித்தவர் கொத்தனார். பிறகு படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு உருண்டது. தலைமையாசிரியர் பெட்டியைப் பிடுங்கி, கண்ணாடிக்கு அடியில் ஒட்டியிருந்த 'கசிவு அளவு' தாளைக் கிழித்தார். கீழே வடக்கு, தெற்கு என்று அச்சடித்திருந்தது. இருபது வருஷமாகக் காந்தப் பாடம் நடத்துகிறவர் அவர். யார் முகத்தையும் பார்க்காமல், செங்கல்லைத் திருப்பி அனுப்பும்படி சொன்னார்.

தகடு விற்ற வசூல் பை கொத்தனாரிடம் சிக்கிக்கொண்டது. நிபுணர் மட்டும் கீழ்த்தளத்து வட்ட ஜன்னல் வழியாக நழுவிவிட்டார். அந்தக் கட்டடத்திலிருந்து இதுவரை கசிந்தது அவர் ஒருவர்தான்.

எல்லாம் முடிந்து அக்கா கிளம்பும்போது ஒரு தகப்பனார் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் சரிம்மா. இருந்தாலும், அந்த ஆறு மர ஜன்னல்ல எது ராசியானது? பையனை அங்க உட்கார வெச்சிடறேன்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பையன் எங்க உட்கார்ந்தாலும் படிச்சுக்குவான் சார். நீங்கதான் ஒரு நாள் வந்து வெளிச்சத்துல உட்காரணும்."

கட்டடத்துக்கு ஜன்னல் வைக்க ஆள் கிடைத்துவிட்டது. சுவரை மட்டும் தலைக்குள் கட்டி வைத்திருப்பவர்களே, உங்கள் ஜன்னலை நீங்கள்தான் உடைத்துத் திறக்க வேண்டும். வெல்டிங் அக்காவுக்குப் பட்டறையில் வேலை கிடக்கிறது.