துரையின் நாயும் பத்தொன்பதாம் கேள்வியும்

"பத்தொன்பதாம் கேள்விக்கு 'ஆம்'னு எழுதியிருக்கியளே அண்ணாச்சி, கை தவறிட்டோ?"

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த சுந்தரராஜ் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினான். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த அந்தக் கப்பல் சரக்குக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை காலியாக இருந்தது. விண்ணப்பம் வாங்குகிற எழுத்தர் சுந்தரராஜ். பத்தொன்பதாம் கேள்வி இதுதான்: 'எந்த நீதிமன்றத்திலாவது, எந்தக் குற்றத்துக்காகவாவது நீங்கள் தண்டிக்கப்பட்டது உண்டா?'

"கை தவறல. தண்டிச்சான். எழுதினேன்" என்றார் அருமைநாயகம்.

"எவன்?"

"வெள்ளைக்காரன்."

சுந்தரராஜ் பேனாவை வைத்துவிட்டு மரியாதையாக எழுந்து நின்றான். "சுதந்திரப் போராட்டமா அண்ணாச்சி? தியாகி பென்ஷனுக்கு எழுதிப் போட்டாச்சா?"

"நாயைக் கல்லால எறிஞ்சேன்."

சுந்தரராஜ் உட்கார்ந்துவிட்டான்.

அருமைநாயகத்துக்கு நாற்பத்தெட்டு வயது. சாத்தான்குளத்துக்காரர். நாசரேத்தில் படித்தவர். பாரசீக வளைகுடாவில் ஒரு ஷேக்கின் நாட்டில், எண்ணெய்க் கம்பெனி ஸ்டோரில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு எழுபத்திரண்டின் தொடக்கத்தில் ஊர் திரும்பியிருந்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. பொறுமையும் வராது. காலையில் பல் தேய்க்கும்போதே யாரையாவது திட்டத் தொடங்கினால்தான் அன்றைய பொழுது அவருக்குச் சரியாக விடிந்த மாதிரி இருக்கும்.

நாய் விஷயம் நடந்தது 1952இல். நாடு என்னவோ ஷேக்குடையதுதான். ஆனால் ஷேக்கின் கோர்ட்டு ஷேக்கின் குடிகளுக்கு மட்டும். பிழைக்க வந்த வெளியூர்க்காரன்மேல் வழக்கு என்றால் பிரிட்டிஷ் ஏஜெண்டு துரையின் முன்னால்தான் நிற்க வேண்டும். துரையின் பங்களா வராந்தாவே கோர்ட்டு. ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க அங்கே போன அருமைநாயகத்தைப் பங்களா நாய் கெண்டைக்காலில் கவ்வியது. அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தார். நாய் ஒரு வாரம் நொண்டியது.

வழக்கு நடந்தது. நீதிபதி, ஏஜெண்டு துரை. நாய்க்குச் சொந்தக்காரர், ஏஜெண்டு துரை. கண்ணால் பார்த்த சாட்சி, துரையின் மனைவி. நாய் மட்டும்தான் கூண்டேறவில்லை. ஏறத் தேவைப்படவும் இல்லை. குற்றம் உறுதி, கோர்ட்டு கலையும்வரை காவல் என்று தீர்ப்பாயிற்று. அருமைநாயகம் கட்டுப்போட்ட காலோடு சாயங்காலம்வரை வராந்தா மூலையில் உட்கார்ந்திருந்தார். எதிர் மூலையில் நாய் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"குடியரசு வந்து ரெண்டு வருஷம் ஆன பொறவு வே!" அருமைநாயகம் சுந்தரராஜின் மேஜையில் குத்தினார். மைக்கூடு ஆடியது. "என்னை விசாரிக்க அவன் யாரு? ஊரு ஷேக்கோடது. காலு என்னோடது. நாய் மட்டுந்தானே அவனுது!"

"இவ்வளவும் எழுத இதுல எடமில்ல அண்ணாச்சி. சட்டப் பிரிவு நம்பரை மட்டும் போடுங்க. அங்க என்ன சட்டம்?"

"நம்ம இந்தியத் தண்டனைச் சட்டந்தான். வெள்ளைக்காரன் போற எடமெல்லாம் அதையும் தூக்கிட்டுத்தானே போனான்! மிருகத்துக்குக் காயம் பண்ணா நானூத்தி இருபத்தொம்போது."

கொதித்துக்கொண்டே எழுதியதில் ஒன்பதுக்கு வால் விழாமல் போயிற்று. மேலதிகாரியின் கண்ணுக்கு அது 420 என்று தெரிந்தது.

நான்காம் நாள் மளிகைக்கடை ஞானையா அவரைக் கூப்பிட்டு, நல்ல பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார். "மோசடி கேஸாமே அண்ணாச்சி? முத்து வியாபாரத்துல ஷேக்கையே கவுத்திட்டியளாமே! நம்ம ஊருக்காரன் கெட்டிக்காரன்தான்."

"முத்துமில்ல, சிப்பியுமில்ல. நாய்!"

"சரி, சரி. வெளிய சொல்ல முடியாதுல்லா" என்று ஞானையா கண்ணடித்தார்.

அருமைநாயகம் நேரே கம்பெனிக்குப் போய்ச் சத்தம் போட்டார். சுந்தரராஜ், "அந்தக் கோர்ட்டுலேருந்து தீர்ப்பு நகல் ஒண்ணு வாங்கிட்டு வந்திருங்க, எல்லாம் சரியாயிரும்" என்றான். ஆனால் அந்தக் கோர்ட்டே இப்போது இல்லை. எழுபத்தொன்றில் வெள்ளைக்காரன் வளைகுடாவை விட்டுக் கிளம்பியபோது அதையும் மூடிவிட்டுத்தான் போனான். ஆகவே அருமைநாயகம் லண்டனுக்கே எழுதினார். 'நாயின் சொந்தக்காரன் நீதிபதியாக இருந்தது எந்த ஊர் நியாயம்?' என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தார்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. வழவழப்பான தாளில், வலிக்காத ஆங்கிலத்தில் இருந்தது. தண்டனை பதிவேட்டில் இருப்பது உண்மை. அந்தக் காலத்தில் தாங்கள் மாட்சிமை தங்கிய அரசியாரின் பாதுகாப்பில் இருந்தவராகவே கருதப்பட்டீர்கள். ஆகவே விசாரணை முறையானதே. இக்கடிதத்தின் நகல் இந்திய அதிகாரிகளின் தகவலுக்காகவும் அனுப்பப்படுகிறது.

"பாதுகாப்பா?" என்று அருமைநாயகம் தெருவே கேட்கக் கத்தினார். "நாய் கவ்வுனப்ப எங்கவே போச்சு உன் பாதுகாப்பு?"

நகல் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பத்தாம் நாள் காலையில் வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் மாசானம் இறங்கி வந்தார்.

"வெளிநாட்டுல தண்டனை வாங்குன ஆளு நீருதானா?"

"நாயைக் கல்லால எறிஞ்சவன் நான்."

"எத்தனை பேரு சேர்ந்து எறிஞ்சிய?"

"நான் ஒருத்தன்!"

"கூட்டாளி பேரச் சொல்ல மாட்டேங்கிறீரு. சரி, எழுதிக்கிடுதேன். பாஸ்போர்ட்டை எடும்."

பாஸ்போர்ட்டு ஜீப்பில் ஏறிப் போயிற்று. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அருமைநாயகம் உள்ளே திரும்பினார். அங்கே அவர் மனைவி ஜெயசெல்வி ஒரு விருந்தாளிக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். வந்திருந்தவர் நாசரேத்துப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் கிருபை. ஜெயசெல்வியும் நர்ஸ் படித்தவள்தான். வளைகுடா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். கல்யாணமான மறுவாரமே அவள் சார்பில் அருமைநாயகம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல கையெழுத்து அவருக்கு.

"பிரசவ வார்டுக்கு அனுபவமுள்ள ஆள் கிடைக்காம தவிக்கிறோம்" என்றார் கிருபை. "ஜெயசெல்வி சரின்னா..."

"அவ சரிங்க மாட்டா" என்றார் அருமைநாயகம்.

"அவங்க வாயால ஒரு வார்த்தை..."

"என் பெண்டாட்டி விஷயத்துல முடிவெடுக்க எனக்கில்லாத அதிகாரம் வேற யாருக்கு? நீங்க காப்பியக் குடிங்க."

கிருபை காப்பியைக் குடிக்காமலே போனார். ஜெயசெல்வி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அருமைநாயகம் வெள்ளைக்காரனை விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டத் தொடங்கினார்.

அன்றைக்கே வக்கீல் எபனேசரிடம் போனார். எபனேசர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நாயை விடும். நாய் கடிச்சுது, கடிக்கல, அது நமக்கு வேண்டாம். வேரைப் பிடிப்போம். அரபு நாட்டு மண்ணுல இங்கிலீஷ்காரன் போட்ட கோர்ட்டுக்கு இந்தியக் குடிமகனை விசாரிக்க என்ன அதிகாரம்? அதை இங்க ஒரு கோர்ட்டு சொல்லட்டும். தண்டனை தானா ஒழிஞ்சிரும்."

"இதைத்தான்யா நான் இருபது வருஷமா கத்துதேன்!"

"கத்துனா ஆகாது. மனு போடணும்."

மனு எழுதும் வாரத்திலேயே அருமைநாயகம் எபனேசரோடும் சண்டை போட்டார். துரையின் மனைவியை மனுவில் 'அம்மையார்' என்று குறிப்பிட்டதுதான் காரணம். கேஸை மட்டும் நடத்தும், உம்ம முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வக்கீல் ஆபீஸுக்குக் காகிதம் கொண்டுபோகிற வேலை ஜெயசெல்விக்கு வந்தது. மத்தியானம் சமையல் முடித்து, குடையை விரித்துக்கொண்டு போய் வருவாள். திரும்பி வந்து அருமைநாயகத்தின் முன்னால் காகிதத்தை நீட்டுவாள். அவர் வாசிக்காமலே, பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

வழக்கு ஏழு மாதம் நடந்தது. கம்பெனி தரப்பில் யாரும் வரவில்லை. போலீஸ் தரப்பில் வந்தவருக்கு வளைகுடா எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. முன்சீப் தீர்ப்பை வாசித்தபோது அருமைநாயகம் கைகட்டி நின்று கேட்டார்.

"அந்நிய மண்ணில் இன்னொரு அந்நிய அரசு நடத்திய அந்த அலுவலகத்துக்கு, ஓர் இந்தியக் குடிமகன்மேல் எந்த அதிகாரமும் கிடையாது. ஆகவே வாதி கேட்டுக்கொண்டபடியே, வாதி சம்பந்தமாக அந்த அலுவலகம் செய்த எந்தச் செயலும் தொடக்கம் முதலே செல்லாது என்று இந்த நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது."

கோர்ட்டு வாசலில் அருமைநாயகம் அழுதுவிட்டார். இருபத்தொரு வருஷம் கெண்டைக்காலில் ஏதோ கவ்விக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது, அது இப்போதுதான் விட்டது. ஞானையா கடையில் நின்று தீர்ப்பை உரக்க வாசித்தார். மாசானம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். கம்பெனியும் அந்த வேலையை இன்னும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. பத்தொன்பதாம் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி, அடியில் மூன்று கோடு போட்டார். வேலை கிடைத்தது.

"குடும்பத்தோட இருக்க குவார்ட்டர்ஸ் உண்டு அண்ணாச்சி" என்றான் சுந்தரராஜ். "கல்யாண சர்ட்டிபிகேட் மட்டும் காட்டுங்க."

அருமைநாயகம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சுந்தரராஜ் அதைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்த தீர்ப்பு நகலைப் பார்த்தான். மறுபடி சர்ட்டிபிகேட்டைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, உங்களுக்குக் கல்யாணம் பண்ணிவச்சது யாரு?"

"அங்க அப்ப நம்ம சபைப் பாதிரி ஐயருமார் யாரும் கிடையாது. ஏஜெண்டு ஆபீஸுலதான் பதிஞ்சோம். நாய் கடிச்ச அன்னைக்கு நான் போனதே கல்யாண நோட்டீஸ் குடுக்கத்தானே! திங்கக்கிழமை தண்டனை, வியாழக்கிழமை கல்யாணம். அதே மேஜை, அதே பேனா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"அந்த ஆபீஸு உங்களுக்குச் செஞ்ச எதுவுமே செல்லாதுன்னு கோர்ட்டு சொல்லியாச்சே" என்றான் சுந்தரராஜ் மெதுவாக. "குவார்ட்டர்ஸு குடும்பஸ்தனுக்குத்தான். பேச்சிலருக்கு மாடியில கட்டில் மட்டும் குடுக்கச் சொல்லி ரூல்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அருமைநாயகம் கொதித்தார். இந்தத் தடவை யாரைத் திட்டுவதென்றுதான் விளங்கவில்லை. வழியிலேயே சர்ச்சுக்குள் நுழைந்து பாதிரி ஐயரிடம் பேசி முடித்துவிட்டு வந்தார்.

"ஏளா ஜெயசெல்வி! நமக்குக் கல்யாணமே ஆகலையாம்! சனிக்கிழமை பத்து மணிக்கு மறுபடியும் கட்டிக்கிடுதோம். ஐயர்கிட்டச் சொல்லிட்டேன். அந்தப் பச்சைப் பட்டைக் கட்டிட்டு ரெடியா நில்லு."

ஜெயசெல்வி வெள்ளைச் சேலை இரண்டை மடித்து ஒரு தோல்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட இன்னும் கேக்கலையே" என்றாள்.

"உன்கிட்ட என்னத்தக் கேக்கணும்?"

"கல்யாணமாகாத பொம்பளையைக் கட்டணும்னா அவகிட்டச் சம்மதம் கேக்கத்தானே செய்வாங்க."

அருமைநாயகம் தோல்பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு மணி நாசரேத்து பஸ்ஸு. பிரசவ வார்டுல நாளைக்கு டூட்டி ஏத்துக்கிடணும்" என்றாள். "அடுப்புல குழம்பு இருக்கு."

"யாரைக் கேட்டு?" அவர் கத்தினார். "யாரைக் கேட்டுடி போறே?"

"நானும் அதைத்தான் யோசிச்சுப் பார்த்தேன்" என்றாள் ஜெயசெல்வி, பையின் வாரை இழுத்து மாட்டியபடி. "கேக்கதுக்கு எனக்கு ஆளில்ல. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மேல பார்வையாளர் நேரம். கேக்க வேண்டியதிருந்தா அங்க வந்து கேளுங்க. யோசிச்சுச் சொல்லுதேன்."

குடையை விரித்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கிப் போனாள். இந்தத் தடவை எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அருமைநாயகம் செருப்பைக்கூட மாட்டாமல் வக்கீல் ஆபீஸுக்கு ஓடினார். எபனேசர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். குமாஸ்தா சுடலைமாடன் மட்டும் டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கவே உன் வக்கீல்? நான் கேட்டது நாய்த் தண்டனை ஒண்ணை! 'எந்தச் செயலும்'னு மனுவுல எழுதி என் குடும்பத்துல மண்ணள்ளிப் போட்டிருக்கானே, அவனுக்குச் சட்டம் தெரியுமா? அறிவிருக்கா?"

"வக்கீலய்யாவை ஏசாதீங்க அண்ணாச்சி" என்றார் சுடலைமாடன், மைக்கறை விரலைத் துணியில் துடைத்தபடி. "அய்யா எழுதுனது நாயை மட்டுந்தான். 'எந்தச் செயலும்'னு பென்சில்ல எழுதிக் கொண்டாந்து, அது நல்லா விழுதான்னு நான் அடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தது நம்ம ஜெயசெல்வி அம்மால்லா!"