மாத்தா-மாத்தா

கையில் ஒலிவாங்கி கிடைத்துவிட்டால் எனக்குத் தெரியாத மொழி என்று உலகத்தில் ஒன்றும் இல்லை.

மன்னார்த் தீவில் எங்கள் கோயில் திருநாள் உதைபந்தாட்டத்துக்கு நான்தான் அறிவிப்பாளர். அந்த முறை பிரேசிலில் இருந்து ஒரு ஃபாதர் வந்து பங்கில் தங்கியிருந்தார். ஆங்கிலம் அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். "போர்த்துக்கீசம் ஆருக்கும் தெரியுமோ?" என்று பங்குத்தந்தை கேட்டார். நான் கையை உயர்த்தினேன். (போனில் கொஞ்ச நாள் படித்திருந்தேன். அதில் பாதி மிருகங்களின் பெயர்.)

காலிறுதியில் எங்கள் ஊருக்கும் அடம்பனுக்கும் ஆட்டம். எங்கள் அணித் தலைவன் என் அண்ணன். தொடங்குமுன் ஃபாதர் பேசினார்.

"குவார்த்தாஸ் ஜி ஃபினாவ்" என்றார். குவார்ட்டர் ஃபைனல் தெரிந்த ஒருத்திக்கு இது ஒரு வேலையா? "காலிறுதி" என்றேன். "செமிஃபினாவ்" என்றார். "அரையிறுதி" என்றேன். சனம் கை தட்டியது. அம்மா பக்கத்தில் இருந்தவவிடம், "என்ர பிள்ளை" என்றா.

பிறகு ஃபாதர் இரண்டு அணிகளையும் பார்த்துச் சிரித்தபடி, "அகோரா எ மாத்தா-மாத்தா" என்றார்.

மாதாவைத்தான் கூப்பிடுகிறார் என்று முன்வரிசை முழுக்கச் சிலுவை போட்டது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல் எனக்குத் தெரியுமே.

"இனிக் கொல்லுங்கோ, கொல்லுங்கோ எண்டு ஃபாதர் சொல்லுறார்" என்றேன்.

அடம்பன் தலைவர் அண்ணனைப் பார்த்தார். "ஃபாதரே சொல்லிப்போட்டார்" என்றான் அண்ணன்.

ஆட்டம் தொடங்கியதும் பந்து ஒரு பக்கம் தனியே கிடந்தது. ஆட்கள் மறுபக்கம் புழுதியில் உருண்டார்கள். நடுவர் ஊதி ஊதிக் களைத்தார். என்ன சொன்னாய் என்று ஃபாதர் பதறிக் கேட்க, நான் கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினேன். அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். இரண்டு தலைவர்களையும் கட்டிப்பிடித்துத்தான் சண்டையை நிறுத்தினார்.

தோற்றவர் வீட்டுக்குப் போகும் நொக்கவுட் சுற்றுக்கு அவர்கள் ஊரில் மாத்தா-மாத்தா என்றுதான் பெயராம். "ஆனால் சொல்லுக்குச் சொல் இவள் சொன்னது சரி" என்று ஃபாதர் சிரித்தார். அதை மட்டும் நான் ஒலிவாங்கியில் இரண்டு தரம் மொழிபெயர்த்தேன்.

மறுபடி ஆடி, ஒரு கோலால் வென்றோம். இப்போது முசலிப் பக்க அறிவிப்பாளர்கள்கூட, "நாளையில இருந்து மாத்தா-மாத்தா" என்கிறார்கள். போர்த்துக்கேயர் தலைமுறை தலைமுறையாக ஆண்டு, கதிரை, அலுமாரி என்ற சொற்களைத் தந்தார்கள். நான் ஒரே பின்னேரத்தில் ஒரு சொல் தந்தவள்.

என் கல்யாணத்தன்று கோயில் வாசலில் அண்ணன் மாப்பிள்ளையின் தோளில் தட்டி, "மச்சான், இனி மாத்தா-மாத்தா" என்றான். உதைபந்தாட்டப் பக்கமே போகாத உயிலங்குளத்துக்காரரான அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"தோத்தால் வீட்டுக்குப் போகவேணும் எண்டு அர்த்தம்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஆரின்ர வீட்டுக்கு?"