சியஸ்து முசேயின் மத்தியான ரோந்து

எங்கள் தெருவில் சியஸ்து முசேக்குத் தெரியாமல் எவரும் கனவு கண்டதில்லை. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம்தான் மிகைப்படுத்துகிறேன். எழுபதுகளின் கடைசியில் முத்தியால்பேட்டையில் குடியிருந்து, மத்தியானத்தில் கண்ணசரும் பழக்கமுள்ள எவரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கொஞ்சம் பிரெஞ்சு வாடை அடிக்கிற பெரிய மனிதர்கள் எல்லாருமே பாண்டிச்சேரியில் 'முசே'தான். மத்தியானத் தூக்கத்துக்கு பிரெஞ்சில் 'சியஸ்து'. இரண்டும் சேர்ந்து ஒரு மனிதராகி, எங்கள் தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தது.

இளம் வயதில் அவர் பிரான்சில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். அங்கே தூங்குகிறவர்கள் தலையில் ஒயரை ஒட்டி, மிஷின் பேனா கோடு கிழிப்பதை டாக்டர்கள் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். ஒயர் கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்வது இவர் வேலை. வேறு யாராவது என்றால் அந்த வேலையில் தாங்களும் தூங்கியிருப்பார்கள். இவர் பிரமித்துப்போய்விட்டார். அந்தப் பிரமிப்போடுதான் ஊர் திரும்பினார்.

"தூங்கறவன் சும்மா கெடக்கறான்னு நெனைக்காத. மூளை அப்பதான் கடையைத் தொறக்குது. இமைக்குள்ள கண்ணு இப்படியும் அப்படியும் ஓடுது பாரு, உள்ள படம் ஓடுதுன்னு அர்த்தம். அப்ப எழுப்பிக் கேட்டா கனவை அப்படியே சொல்லுவான். கொஞ்சம் விட்டா போச்சு, பறந்துடும்."

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனாலும் அவனுடைய மத்தியானத் தூக்கத்தை மட்டும் நாங்கள் விடவில்லை. ஒரு மணிக்குச் சாத்திய கடை நாலு மணிக்குத்தான் திறக்கும். ஊரே படுத்துக்கிடக்கிற அந்த நேரத்தில் முசே ஒரு சின்ன ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டு ரோந்து கிளம்புவார். காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்துத் தூங்குகிறவன் தொலைந்தான். கண் விழித்தால் மூக்குக்கு நேரே ஒரு நரைத்த மீசை.

"இன்னா பாத்த? சட்டுனு சொல்லு!"

மளிகைக்கடைக்காரர் தராசின் ஒரு தட்டில் தானும் மறு தட்டில் தன் மாமியாரும் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லிவிட்டார். யார் தட்டு இறங்கியது என்று முசே விடாமல் கேட்க, அவரும் அரைத்தூக்கத்தில் உண்மையைச் சொல்ல, உள்ளே இருந்த மனைவி காதில் விழுந்துவிட்டது. அந்த வீட்டில் கொஞ்ச நாளைக்கு அடுப்பு எரியவில்லை. கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிப்பவர், தான் ஊத ஊதச் சத்தமே வராத கனவைச் சொல்லிக் கண் கலங்கினார். என் கதை இன்னும் மோசம். தெருக்கோடி மாடியறையில் குடியிருந்த பிரம்மச்சாரி குமாஸ்தா நான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தூக்கக் கலக்கத்தில் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் பெயரை உளறிவிட்டேன். சாயங்காலம் டீக்கடையில் தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது.

மனிதர்களோடு நிற்கவில்லை. ஒருநாள் வேப்பமரத்தடியில் தெருநாய் ஒன்று தூக்கத்தில் கால்களை உதறிக்கொண்டிருந்தது. "அது ஓடுது! கனவுல எதையோ தொரத்துது!" என்று பரவசப்பட்டு அதையும் எழுப்பினார். நாய் கனவைச் சொல்லாமல் கடித்துவிட்டது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு வந்தவர், "பாதிப் படத்துல எழுப்புனா அதுக்குக் கோவம் வராதா?" என்று நாய் பக்கமே பேசினார்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் யோசனை சொல்வார். "படிச்சிட்டு நல்லாத் தூங்கு. தூக்கத்துலதான் பாடம் மனசுல ஒட்டும்." ஒருவன் பின்பாதியை மட்டும் கடைப்பிடித்து எல்லாப் பாடத்திலும் கோட்டைவிட்டான். சண்டைக்கு வந்த அவன் அப்பாவிடம் முசே நிதானமாகச் சொன்னார்: "ஒட்டணும்னா ஒட்டறதுக்கு எதனாச்சும் இருக்கணும் இல்ல?"

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் கலியமூர்த்தியின் தம்பி சேகர் செத்துப்போனான்.

கலியமூர்த்தி எதிர்வீடு. மில்லில் தறி ஓட்டுகிறவன். லீவு நாளில் அண்ணனும் தம்பியுமாக நோணாங்குப்பத்துக்குப் போய் ஆற்றில் தோணி ஏறியிருக்கிறார்கள். காற்றுக்குக் கலியமூர்த்தி கொஞ்சம் கண்ணசந்திருக்கிறான். தண்ணீரில் விழுந்துதான் விழித்தான். கவிழ்ந்த தோணியைப் பிடித்துக்கொண்டு அவன் பிழைத்தான். தம்பி கிடைக்கும்போது உயிரில்லை.

அவன் அழவில்லை. தம்பி பெயரை வாயால் சொல்லவில்லை. அதோடு தூக்கமும் போய்விட்டது. இமை மூடியதும் பாம்பை மிதித்தவனைப் போலத் துள்ளி எழுவான். டாக்டர் கொடுத்த மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டான், விழுங்கவில்லை. வேலைக்கு மட்டும் போனான். தறி முன்னால் நின்றபடியே தலை சாய்ந்து, ஒருநாள் மயிரிழையில் கை தப்பியது. இன்னொரு தடவை ஆனால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். வேலை போனால் போகட்டும், பிள்ளையின் கை போய்விடுமே என்று அவன் அம்மா தவித்தாள்.

அந்த அம்மாதான் நேராக சைக்கிள் கடைக்கு வந்து நின்றாள்.

"ஊர்ல தூங்கறவங்களையெல்லாம் எழுப்பறீங்களே முசே, எம்புள்ளையத் தூங்க வைங்க."

முசே திருதிருவென்று விழித்தார். எதற்கும் பதில் வைத்திருக்கிற மனிதர். "எனக்கு எழுப்பத்தாம்மா தெரியும்," என்றார்.

மறுநாள் பகல் ஒரு மணிக்குள் அவர் எங்கள் தெருவின் வாயைக் கட்டிவிட்டார். ஐஸ்காரன் மணியில் துணி சுற்றப்பட்டது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வேலையை நிறுத்திக்கொண்டார். ரேடியோக்கள் ஊமையாயின. காக்காய்களிடம் மட்டும் அவர் பேச்சு எடுபடவில்லை. "நீ போய் அடுத்த தெருவுல சோத்த எறைச்சிட்டு வா," என்று என்னை அனுப்பினார். ஆபீசுக்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நான் காக்காய்களுக்குச் சோறு போட்டேன். இதையும் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

கடைக்குள் பாய் விரித்துக் கலியமூர்த்தியைப் படுக்கவைத்தார். அவன் எழுந்து உட்கார்ந்தான். மறுபடி படுத்தான். மறுபடி எழுந்தான்.

"கண்ண மூட முடியல முசே. மூடுனா எதனா ஆயிடும்."

முசே ஸ்டூலை அவன் தலைமாட்டில் இழுத்துப் போட்டார். "இன்னிக்கி நான் முழிச்சிருக்கேன். யாருக்கும் ஒன்னும் ஆவாம நான் பாத்துக்கறேன். நீ பாக்க வேணாம்டா கண்ணு."

அதைச் சொன்ன விதத்தில் அவன் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். அப்படியே தூங்கிப்போனான். கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த பாதித் தெரு மூச்சு விட்டது. அவன் அம்மாவும் நானும் ஓசைப்படாமல் உள்ளே போய் நின்றோம்.

நெடுநேரம் கழித்து அவன் இமைகள் அசைந்தன. அதை நான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். உடம்பு ஈரத்துணி மாதிரிக் கிடக்கிறது, விரல்கூட அசையவில்லை. இமைக்கு அடியில் கண் மட்டும் எதையோ தேடி அங்கும் இங்கும் ஓடுகிறது. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தொண்டையில் ஒரு முனகல் வந்தது. அந்த மெல்லிய தோலுக்குப் பின்னால் ஒருவன் தண்ணீருக்குள் இருக்கிறான், நாங்கள் இரண்டடி தூரத்தில் நிற்கிறோம், ஒன்றும் செய்ய முடியாது.

அம்மா தாங்கமாட்டாமல் அவனை உலுக்கக் கை நீட்டினாள். இமை அசைந்தால் ராஜாவையே எழுப்பக்கூடிய முசே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுப்பாதம்மா. உள்ள வேலை நடக்குது. பட்டதையெல்லாம் மூளை எடுத்துப் பாக்குது. பாத்துப் பாத்துத்தான் அதோட சூடு ஆறும். பாதியில நிறுத்திடாத."

டாக்டர்கள் சொன்னது பாதி, தானாகக் கூட்டியது பாதி என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். இன்றைக்கு விஞ்ஞானிகளும் ஏறக்குறைய அதையே சொல்வதாகப் பத்திரிகைகளில் படிக்கிறேன். அன்றைக்கு எங்களுக்கு விஞ்ஞானம் தெரியாது. கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர்களைப் போல நின்றோம்.

கலியமூர்த்தி வெயில் தாழ்ந்த பிறகு கண் திறந்தான். கூரையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"பசிக்குதும்மா," என்றான். பிறகு, "நம்ம சேகருக்கு நெத்திலிக் கொழம்புன்னா உசுரு இல்ல?" என்றவன் அவள் மடியில் விழுந்து, தெருவே கேட்கும்படி அழுதான்.

அழுது ஓய்ந்ததும் நாங்கள் எல்லாரும் முசேயின் வாயைப் பார்த்தோம். கனவைக் கேட்கப்போகிறார் என்று எனக்குப் பயம். மீசை துடித்தது. உதடு குவிந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

"டீ சாப்பிடறியா?" என்றார்.

அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவனிடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கலியமூர்த்தி ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து தூங்கினான். கையும் வேலையும் தப்பின.

டீ வாங்கிக்கொண்டு நான் திரும்பியபோது முசே சைக்கிள் டயர்மேல் தலையை வைத்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். முந்தைய நாள் அந்த அம்மா கேட்டதிலிருந்து அவர் கண்ணை மூடவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. சைக்கிள் எடுக்க வந்தவர்களுக்குக் கலியமூர்த்தியே வாசலில் நின்று, ரகசியம் பேசுவதைப் போல வாடகை சொல்லிக்கொண்டிருந்தான். நான் குனிந்து பார்த்தேன். அவர் இமைகள் அசைந்தன. இதுவரை யாருக்கும் தெரியாத அவருடைய கனவு என் கைக்கெட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டைப்பிஸ்ட் விஷயத்துக்குப் பழிக்குப் பழி வாங்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

மேலே மாட்டியிருந்த அவருடைய துண்டை எடுத்து, ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.