டேங்குக்குள் போன டேங்க்காரர்

தர்மபுரி மாவட்டத்தில் ஹாரனே அடிக்காமல் வண்டி ஓட்டி, யார் மேலும் ஏற்றாமல், யாரிடமும் அடி வாங்காமல் பிழைத்த ஒரே மனிதர் எங்கள் டேங்க்காரர்தான்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். நாங்கள் கேட்டதில்லை. பட்டாளத்தில் பதினேழு வருஷம் விஜயந்தா டேங்க் ஓட்டியவர். ஊர் திரும்பி ஒரு வேன் வாங்கி, பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்கு வேலைக்குப் போகிற ஏழு பேரைத் தினமும் ஏற்றிப் போனார். அந்த ஏழில் நான் ஒருவன்.

"ஹாரன் அடிங்க, எரும நிக்குது!" என்று பதறினால், "டேங்கு வர்றது எருமைக்குத் தெரியாதுங்களா?" என்பார். வருவது பழைய வேன் என்று எருமைக்கே தெரிந்திருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை.

முன்சீட்டில் உட்காரும் கணக்கு டீச்சர்தான் கமாண்டர். இடதுபக்கம் பார்த்து "கிளியர்" என்று அவர் சொல்லாமல் வண்டி நகராது. கதவோரம் உட்கார்ந்த பாவத்துக்கு நான் லோடர், அதாவது டேங்கில் குண்டு ஏற்றுகிற ஆள். ஏறுகிறவர்களை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துவது என் வேலை. பள்ளம் வந்தால் டேங்க்காரர் ஒதுக்கவே மாட்டார். "பள்ளத்தச் சுத்திப் போறதுக்குப் பேரு டேங்குங்களா?" ஒருநாள் பேங்க் கேஷியர் ஒகேனக்கல் மீன் வறுவலை டப்பாவில் கொண்டுவந்தார். இண்டூர் தாண்டுவதற்குள் அதில் பாதி டீச்சரின் விடைத்தாள் கட்டுக்குள் இருந்தது. அந்த வாரம் ஒரு வகுப்பு முழுவதற்கும் மார்க் மசாலா வாசனையோடு போயிற்று.

அந்தக் கோபத்தில் கேஷியர் கேட்டார்: "அது சரிங்க, சண்டையில எத்தன பேர சுட்டீங்க?"

"சுடறது கன்னருங்க. நான் டிரைவரு. நான் இருந்த வருசத்துல எங்களுக்குச் சண்டையே வரல. ராஜஸ்தான் மணல்ல பயிற்சிக்கு ஓட்டுனதுதான்."

"அப்பறம் எதுக்கு இவ்ளோ அலட்டல்?"

டேங்க்காரர் கோபப்படவில்லை. "பாதி நாளு எஞ்சின் சூடாயி நின்னுரும்ங்க. உள்ள இருக்கற நாலு பேரும் எறங்கி அதோட நெழல்ல படுத்துக்குவோம். சுத்தி நாப்பது மைலுக்கு வேற நெழலே கெடையாது" என்றார். அன்று பள்ளங்களை ஒதுக்கி ஓட்டினார். எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்புறம் வழியில் ஒரு தனியார் பள்ளி வாசலில் மேடை கட்டி, பணிமுடிந்த விஜயந்தா ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பளபளவென்று பச்சைப் பெயின்ட், பீரங்கி முனையில் தங்கக் கலர் வேறு. டேங்க்காரர் போட்ட பிரேக்கில் நாங்கள் ஏழு பேரும் ஒரே சீட்டுக்கு வந்துவிட்டோம்.

இறங்கிப்போய் வாட்ச்மேனிடம் சொன்னார்: "பீரங்கி பிரின்சிபால் ரூமப் பாத்து நிக்குதுங்க. திருப்பி வைங்க."

"அது வெல்டு வெச்சாச்சுங்க. திரும்பாது."

"அப்ப பிரின்சிபாலத் திருப்பி வைங்க."

அந்தப் பிரின்சிபால் அறையைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அன்றிலிருந்து அந்த வாசல் வந்தால் வேன் தானாக மெதுவாகும். "உங்க டேங்குங்களா அது?" என்று டீச்சர் கேட்டார். "இல்லீங்க. நம்மளுது நம்பர் வேற. எங்க கெடக்குதோ, ஒடச்சு எடைக்கே போட்டாங்களோ" என்றார். உள்ளே ஏறிப் பார்க்க மூன்று தடவை கேட்டிருக்கிறார். மூடியை வெல்டு வைத்துவிட்டோம் என்று மூன்று தடவையும் அனுப்பிவிட்டார்கள்.

மழைக்காலம் வந்தது. மேல்மூடி இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, டேங்குக்குள் டெங்கு கொசு முட்டையிட்டிருப்பதாகச் சுகாதாரப் பணியாளர்கள் கண்டுபிடித்தார்கள். எதிரி நாட்டால் முடியாததைக் கொசு செய்தது. ஒரு காலை நேரம், டிரைவர் இறங்குகிற மூடியை ஒரு வெல்டர் அறுத்துத் திறந்துகொண்டிருந்தபோது எங்கள் வேன் போய்ச் சேர்ந்தது.

"யாராச்சும் உள்ள எறங்கித் தண்ணி மொள்ளணும்" என்றார் பணியாளர். யாருக்கும் தைரியமில்லை. டேங்க்காரர் ஏற்கெனவே செருப்பைக் கழற்றியிருந்தார்.

கால் போயிற்று, இடுப்பு போயிற்று. தொப்பை போகவில்லை. கேஷியர் மேடையில் ஏறி அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். "மூச்ச விடுங்க! இன்னும் விடுங்க!" ஒரு வழியாக ஆள் முழுசாக மறைந்தார். முதலில் வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். எஞ்சின் எப்போதோ எடுத்தாகிவிட்டது. மெத்தை போன இரும்பு சீட்டில் உட்கார்ந்து, துருப்பிடித்த இரண்டு ஸ்டியரிங் லீவரையும் பிடித்திருந்தார். தாழ்ந்த குரலில் இந்தியில் ஏதோ கேட்டார். கொஞ்சம் நிறுத்தி, பதில் வந்ததுபோலத் தலையாட்டினார்.

"ஆராருங்க உள்ள?" என்றேன்.

"கமாண்டரு, கன்னரு, லோடரு. மூணு பேரு நம்பரும் போன்ல இருக்குதுங்க. அடிச்சா எடுக்கறதுக்குத்தான் ஆளில்ல." லீவரை விடவில்லை. "டேங்கு வேறன்னாலும் சீட்டு அதேதான். இன்னும் கொஞ்ச நேரம் இருந்துக்கட்டுங்களா?"

ஆபீஸ் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. டீச்சருக்கு முதல் பீரியடு, கேஷியரிடம் கவுன்ட்டர் சாவி. எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

"இருங்க" என்றார் டீச்சர். "ஒண்ணும் அவசரமில்ல." வாட்ச்மேனையும் கையமர்த்தினார். கேஷியர் போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார். ஏழு பேரும் மேடை ஓரமாக அந்த டேங்கின் நிழலில் உட்கார்ந்து குடித்தோம்.

போன வருஷம் அவர் வேனை விற்றுவிட்டு ஓசூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போது நான் பஸ்ஸில் போகிறேன். தினமும் சரியான நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷமில்லை.