சமூகத் தொண்டர் தணிகாசலம், பி.ஏ.

சனிக்கிழமைக்குள் சமூகத் தொண்டனாகிவிடுவது என்று செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தேன். நடுவே நாலே நாள். நாலு நாளில் ஒரு ஜலதோஷம்கூட முழுதாகப் போகாது. ஆனால் நான் பி.ஏ. படித்தவன். முயன்றால் முடியாதது உண்டா?

விஷயம் இதுதான். 1957-ல் எங்கள் புதுச்சேரியில் பட்டதாரிகள் சங்கம் என்று ஒன்று இருந்தது. சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் போய்ப் பட்டம் வாங்கி வந்த நாங்கள் முப்பது பேர் மாதத்துக்கு ஒரு முறை கூடுவோம். வடை தின்போம். நாடு போகிற போக்கைப் பற்றிக் கவலைப்படுவோம். வடை தீர்ந்ததும் கவலையும் தீர்ந்து கலைந்துவிடுவோம். அந்த வருஷம் யாருக்கோ ஒரு யோசனை உதித்தது. பட்டதாரிகளில் இரண்டு பேரைப் பொறுக்கி, மேடை போட்டு, பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பது. ஒருவருக்குத் தொழிலில் சாதனைக்காக. இன்னொருவருக்குச் சமூகத் தொண்டுக்காக.

தொழில் சாதனையில் நான் கண் வைக்கவில்லை. அது கண் டாக்டர் அரிகிருஷ்ணனுக்கு என்று எல்லோருக்கும் தெரியும். பாதி ஊருக்குக் கண் திறந்தவர் அவர். மீதி ஊர் அவர் வீட்டு வாசலில் வரிசையில் நின்றது. என் தொழிலோ, சர்க்கார் ஆபீசில் பிரெஞ்சு ஃபைல்களை இங்கிலீஷில் மொழிபெயர்ப்பது. பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பி மூன்று வருஷமாகியும் அவர்கள் ஃபைல்கள் கிளம்பவில்லை. ஒரு முறை என் மொழிபெயர்ப்பைப் படித்த மேலதிகாரி, "புரியலை, ஒரிஜினலையே கொண்டு வா" என்றார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. இதைச் சாதனை என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருந்தது.

ஆக, தொண்டுதான் பாக்கி. இரண்டு வருஷமாவது தொண்டு செய்திருக்க வேண்டும் என்று, சனிக்கிழமைக்குள் சங்கத்தில் கொடுக்க வேண்டிய ஃபாரத்தில் போட்டிருந்தது. நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு ஈஸிசேரில் சாய்ந்து, நான் செய்த தொண்டுகளை விரல் விட்டு எண்ணினேன். விரல் மடங்கவே இல்லை.

அப்போது பின்கட்டிலிருந்து சத்தம் வந்தது.

"ப... ட... ம். படம்!"

என் மனைவி சந்திரகலாவின் வகுப்பு. மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை தெருப் பெண்கள் பதினாலு பேருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னியாஸ்திரீகள் நடத்திய பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் 'பிரவே' பரீட்சை பாஸ் செய்தவள். ஃபைலில் கடினமான பிரெஞ்சுச் சொல் வந்தால் எனக்கு அவள்தான் அகராதி. அன்றைக்கு ஆபீஸ் லீவு. ஆகையால்தான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. விழுந்த இடத்தில் யோசனையும் முளைத்தது.

வகுப்பு நடப்பது யார் வீட்டில்? என் வீட்டில். சுண்ணாம்புக் கட்டி யார் சம்பளத்தில்? என் சம்பளத்தில். புருஷனும் பெண்டாட்டியும் ஓருயிர் ஈருடல் என்பது யார் சொன்னது? கல்யாணத்தில் புரோகிதர் சொன்னது. அப்படியானால் அந்தத் தொண்டு யாருடையது?

நாலு மணிக்கு வகுப்பு கலைந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சந்திரகலா முழுவதையும் கேட்டாள்.

"தொண்டு நான் செய்யறது. துண்டு உங்களுக்கா?"

"துண்டு இல்ல சந்திரா, பொன்னாடை."

"ஜரிகை வெச்ச துண்டு."

"உனக்கே வாங்கித் தந்துடுவேன். ஆனா பட்டதாரிக்குத்தான் குடுப்பாங்க. நீ பட்டதாரி இல்லையே."

"ஆமா. நான் படிச்சவதான், பட்டதாரி இல்ல." சுண்ணாம்புக் கட்டிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். பிறகு, "போன ஐப்பசியில உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

இருந்தது. அவளுக்குத் தமிழும் பிரெஞ்சும்தான் தெரியும். இப்போதோ ஊரில் எல்லாம் இங்கிலீஷாக மாறிக்கொண்டிருந்தது. வகுப்பில் சின்னப்பொண்ணு என்று ஒரு பெண். புருஷன் போய்விட்டான், இரண்டு குழந்தைகள். ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குப் போய்க் கேட்டாள். மருந்துச் சீசாவில் ஒட்டியிருக்கும் இங்கிலீஷைப் படிக்கத் தெரிந்தால் வா என்று அனுப்பிவிட்டார்கள். "சாயங்காலத்துல ஒரு மணி நேரம் இவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுங்களேன்" என்று சந்திரகலா என்னைக் கேட்டாள். "பி.ஏ. படிச்சவன் ஏ, பி, சி, டி சொல்லிக் குடுக்கறதா?" என்று நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

"அது வேற விஷயம்" என்றேன்.

"ஆமா, வேற விஷயந்தான்" என்றாள் சந்திரகலா. "ஃபாரத்தைக் குடுங்க. உங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

இத்தனை சுலபமாகச் சம்மதித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. காலை மடக்கி உட்கார்ந்து சொன்னேன். 'இரண்டு ஆண்டுகளாக அடியேன் இல்லத்தில் ஏழைப் பெண்களுக்கு இலவச வகுப்பு நடைபெற்று வருகிறது.' முத்து முத்தாக எழுதினாள். கடைசிக் கேள்வி, 'எதிர்காலத் திட்டம்'. எதிர்காலத்தைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, "காப்பி ஆறுது பாருங்க. அதை நானே எழுதிக்கறேன்" என்றாள். நான் காப்பி குடித்தேன். கையெழுத்துப் போட்டேன். ஊரார் ஃபைலையெல்லாம் வரி வரியாகப் படிப்பவன், என் ஃபாரத்தைப் படிக்கவில்லை.

அடுத்த வாரம் சங்கத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. வக்கீல் ஜானகிராமன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து வகுப்பைப் பார்வையிடுவாராம். கடிதத்தோடு பின்கட்டுக்கு ஓடினேன்.

"சந்திரா! அந்தப் பொம்பளைங்க உண்மையைச் சொல்லிட்டா?"

"உண்மையைத்தான் சொல்லுவாங்க. பொய் சொல்லக் கூடாதுன்னு பாடத்துலயே இருக்குது."

"என் மானம் போயிடும்!"

"போகாது. உண்மையிலயே எவ்வளவோ ரகம் இருக்குது. நான் பாத்துக்கறேன்."

ஞாயிறு காலை ஜானகிராமன் வந்தார். கறுப்புக் கோட்டு இல்லாவிட்டாலும் குறுக்கு விசாரணை முகம். பதினாலு பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பலகைக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக் கட்டியைவிட வெளுத்துப்போய் நின்றேன். முன் வரிசையில் கொளஞ்சி. காலையில் கூடை மீனை விற்றுவிட்டு, குளித்து, தலையில் பூவோடு வந்திருந்தாள். வக்கீல் நேராக அவளைத்தான் பிடித்தார்.

"சார் பாடம் எப்படி நடத்துவார் அம்மா?"

"சத்தமே போட மாட்டாருங்க."

"அப்படியா?"

"ரெண்டு வருஷமா ஒரு நாளு ஒரு அதட்டல் கெடையாது. வகுப்புல அவரு இருக்கறதே தெரியாதுன்னா பாத்துக்கோங்களேன்."

வக்கீல் கண்ணை மூடி ரசித்தார். "ஆஹா! தன்னை முன்னிறுத்திக்கொள்ளாத ஆசிரியர்."

சின்னப்பொண்ணைக் கேட்டார். "சாரிடம் சந்தேகம் கேட்டால் சொல்வாரா?"

"இதுவரைக்கும் கேட்டதுக்கு அவரு தப்பா ஒண்ணும் சொன்னதில்லைங்க."

கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. வாஸ்தவம்தான். நான் சந்திரகலாவைப் பார்த்தேன். அவள் கதவருகில் நின்று, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இருமல் என்று வக்கீல் நினைத்திருப்பார்.

போகும்போது ஜானகிராமன் என் கையைக் குலுக்கினார். "மிஸ்டர் தணிகாசலம், போட்டியே இல்லை."

விழா நாள் வந்தது. கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். மேடையில் டாக்டர் அரிகிருஷ்ணனும் நானும். டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தியபோது, அவரால் பார்வை பெற்ற ஒரு கிழவர் எழுந்து நின்று, "எம் பேத்தி மொகத்தை இவராலதான் பாத்தேன்" என்றார். சொல்லிவிட்டு மேடையைப் பார்த்துக் கும்பிட்டார்.  டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

 அடுத்தது என் முறை. கீழே பெண்கள் வரிசையில் பதினாலு பேர், சலவைப் புடவையில். நடுவில் சந்திரகலா. ஜரிகை என் தோளில் விழுந்ததும் முதுகில் எறும்பு ஊர்வது போல் இருந்தது. அந்தக் கிழவர் சொன்னதுபோல் என்னைப் பற்றிச் சொல்ல உலகத்தில் ஒரு ஜீவன் உண்டா? மைக்கைப் பிடித்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

"பெரியோர்களே! நான் இதற்குத் தகுதியானவன் அல்ல."

கைதட்டல்.

"உண்மையாகச் சொல்கிறேன். நான் ஒன்றுமே செய்யவில்லை. எல்லாம் என் மனைவி செய்தது!"

பலத்த கைதட்டல். பின் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

"ஐயா, நம்புங்கள். நான் அந்த வகுப்புப் பக்கமே போனதில்லை!"

ஜானகிராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து மைக்கை வாங்கினார். "பார்த்தீர்களா அடக்கத்தை! மனைவியைப் பொது மேடையில் இப்படிப் பெருமைப்படுத்திய கணவரை நான் பார்த்ததில்லை. இந்த அடக்கத்துக்குப் பின்னால் எப்படிப்பட்ட உறுதி இருக்கிறது தெரியுமா? அவரே எழுதிக் கொடுத்த எதிர்காலத் திட்டத்தைப் படிக்கிறேன்."

எட்டிப் பார்த்தேன்; சந்திரகலாவின் முத்து முத்தான கையெழுத்து.

"'நாள்தோறும் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அடியேனே இப்பெண்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிப்பேன். ஞாயிறும் விலக்கல்ல. அனைவரும் தேறும்வரை ஓயமாட்டேன். சங்கத்தார் மாதம் ஒரு முறை நேரில் வந்து சோதிக்க வேண்டுகிறேன்.' சோதிப்போம், நண்பரே! முதல் தேதி நானே வருகிறேன்!"

மண்டபம் அதிர்ந்தது. கீழே பார்த்தேன். எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தவள் சந்திரகலா.

ரிக்‌ஷாவில் வீடு திரும்பும்போது கேட்டேன். "இது நியாயமா?"

"எது?"

"எதிர்காலத் திட்டம்."

"ரெண்டு வருஷத்து வேலையை நீங்க எடுத்துக்கிட்டீங்க. அடுத்த வருஷத்து வேலையை நான் உங்களுக்குக் குடுத்தேன். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஞாயித்துக்கிழமையில நீங்க என்ன பண்றீங்க?"

 ஞாயிற்றுக்கிழமையில் நான் ஒன்றும் பண்ணுவதில்லை. அதற்குத்தானே ஞாயிற்றுக்கிழமை!

மறுநாள் ஆறு மணிக்குப் பதினாலு சிலேட்டுப் பலகைகள் என் முன்னால் வந்து உட்கார்ந்தன. ஏ, பி, சி, டி-யில் ஆரம்பித்தேன். சந்திரகலாவும் பலகையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க." "கொளஞ்சிக்குப் புரியலை, திரும்பச் சொல்லுங்க." "பலகையை மறைக்காதீங்க." முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று, வாத்தியார் யார், வாத்தியாருக்கு வாத்தியார் யார் என்று. கொளஞ்சியிடம் கூட்டல் கணக்கைக் காட்டினால் நான் விடை எழுதுமுன் வாயால் சொல்லிவிடுவாள். மீன் கூடையோடு கூடப் பிறந்த கணக்கு அது. ஒரு நாள் நான் தப்பாகக் கூட்டியதைக் கண்டுபிடித்து, "சார், இந்தக் கணக்கோட நீங்க மார்க்கெட்டுக்கு வந்துடாதீங்க" என்றாள். வகுப்பே சிரித்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சின்னப்பொண்ணு பகலெல்லாம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, ஒரு நாள் தவறாமல் ஆறு மணிக்கு வந்தாள். அவளுக்காகப் பழைய மருந்துச் சீசாக்களைத் தேடி, டாக்டர் அரிகிருஷ்ணன் வீட்டு வாசலில் நானே போய் நின்றேன். பி.ஏ.க்காரன் காலிச் சீசா கேட்டுப் போனது இந்த ஊரில் அதுதான் முதல் தடவை. பத்து மாதம். ஒரு நாள் ஒரு சீசாவைத் தூக்கிப் பிடித்து, எழுத்துக் கூட்டாமல், "ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி" என்று ஒரே மூச்சில் படித்தாள். "அப்படின்னா மேலுக்குப் போடறது. உள்ளுக்குக் குடுக்கக் கூடாது" என்று அர்த்தமும் சொன்னாள். பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சுண்ணாம்புத் தூள் என்று சமாளித்தேன்.

அடுத்த மாதமே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. சாயங்காலம் ஒரு தட்டில் பழமும் ஜாங்கிரியும் வைத்துக்கொண்டு, இரண்டு குழந்தைகளோடு வந்தாள். சந்திரகலாவின் காலில் விழுந்தாள். "நீங்கதாங்க்கா எனக்கு எல்லாம். உங்களாலதான் எம் புள்ளைங்க சாப்பிடப் போவுது." சந்திரகலா அவளைத் தூக்கி நிறுத்தி, அழாதே என்று சொல்லிவிட்டுத் தானும் அழுதாள்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காத்திருந்தேன். பத்து மாதம் கத்திய தொண்டை. டாக்டருக்கு ஒரு கிழவர் சொன்னது போல் எனக்கும் ஒரு வார்த்தை வராதா?

சின்னப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

"நீங்களும் கூடவே இருந்தீங்க சார். அதை மறக்க மாட்டேன்."

ஆதரவுக்கு என் மனைவியைப் பார்த்தேன்.

"எவ்வளவு அழகாச் சொல்லுது பாருங்க" என்றாள் சந்திரகலா. "சரி, பலகையைத் துடைங்க. எதிர்த்த தெருவுலேருந்து இன்னைக்குப் புதுசா பதினோரு பேரு வராங்க."